ஜெர்மன் படைச் சின்னமா? முகப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு பதிப்பில் பழம்பொருள் சேகரிப்பு பற்றிய பக்கத்தில் ஒரு ஜோடி தோள்பட்டிகளின் படம் வெளியாகியிருந்தது. இளஞ்சிவப்பு அடித்துணி, அதன்மேல் நேராகப் படிந்த வெள்ளிநிறக் கயிறு, ஒவ்வொரு பட்டியிலும் நான்கு பொன்னிற நட்சத்திரங்கள். "ஹிட்லரின் டாங்கிப் படைக் கேப்டன் அணிந்தது" என்று படத்தின் கீழே அச்சாகியிருந்தது. அந்த நான்கு நட்சத்திரங்களே போதும், அது ஹிட்லர் காலத்துப் பொருள் அல்ல என்று சொல்ல. கிழக்கு ஜெர்மனியின் தேசிய மக்கள் படையைச் சேர்ந்த தோள்பட்டி அது.

இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் தரைப்படையில் இளநிலை அதிகாரிகளின் தோள்பட்டியில் கயிறு நேராக ஓடும். லெஃப்டினன்டுக்கு நட்சத்திரமே கிடையாது. ஓபர்லெஃப்டினன்டுக்கு ஒன்று. கேப்டனுக்கு இணையான ஹாப்ட்மனுக்கு இரண்டு. அதோடு சரி. மேஜர் முதல் கயிறு பின்னலாக மாறும். மேஜருக்கு வெறும் பின்னல், ஓபர்ஸ்ட்லெஃப்டினன்டுக்கு ஒரு நட்சத்திரம், கர்னலான ஓபர்ஸ்டுக்கு இரண்டு. 1956-இல் அமைந்த கிழக்கு ஜெர்மன் படை பழைய வெட்டையும் கயிற்றையும் அப்படியே வைத்துக்கொண்டது. ஆனால் நட்சத்திரங்களைச் சோவியத் வழக்கப்படி எண்ணியது. உன்டர்லெஃப்டினன்டுக்கு ஒன்று, லெஃப்டினன்டுக்கு இரண்டு, ஓபர்லெஃப்டினன்டுக்கு மூன்று, ஹாப்ட்மனுக்கு நான்கு. பின்னல் கயிற்றில் மேஜருக்கு ஒன்று தொடங்கி ஓபர்ஸ்டுக்கு மூன்று. ஆகவே நேர்க்கயிற்றில் மூன்றோ நான்கோ இருந்தாலும், வெள்ளிநிறப் பின்னலில் மூன்று இருந்தாலும், அது 1956-க்குப் பிந்தியது. ஒன்றோ இரண்டோ இருந்தால்தான் மேற்கொண்டு ஆராய வேண்டும். இரண்டு படைகளிலும் டாங்கிப் பிரிவுக்கு இளஞ்சிவப்புதான் நிறம். குழப்பத்துக்கு அதுவே காரணம்.

1990-இல் அந்தப் படை கலைக்கப்பட்டபோது அதன் கிடங்குச் சரக்கு உலகம் முழுவதும் மலிவாகப் பரவியது. அவை போலிகள் அல்ல. அவற்றின் காலத்துக்கு அவை அசல். கிழக்கு ஜெர்மன் பொருள் என்று சொல்லி விற்றால் யாருக்கும் நட்டமில்லை. 1940-களின் பெயரைச் சொல்லி அந்த விலைக்கு விற்கும்போதுதான், சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேகரிக்கும் நம் பிள்ளைகள் ஏமாந்து போகிறார்கள். அது வருத்தமாக இருப்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பினாங்கில் லோரோங் கூலிட் சந்தையிலும், பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மாலின் ஞாயிற்றுக்கிழமைக் கடைகளிலும் கவனித்துப் பாருங்கள். வாங்க வருபவரின் கண் முதலில் கழுகின் மேலும் கொக்கிச் சிலுவை எனும் நாஜி ஸ்வஸ்திகாவின் மேலும் போகிறது. விலையும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. படத்தை நகலெடுப்பது எளிது. கணினித் தையல் எந்திரம் ஒரு மணி நேரத்தில் எத்தனையோ கழுகுகளைத் தைத்துத் தள்ளும். துணியையும் நூலையும் நெய்த முறையையும் எண்பது ஆண்டு கிடந்த பழமையையும் நகலெடுப்பதுதான் கடினம். அவை தெரிவது பின்பக்கத்தில். சின்னத்தைக் கையில் வாங்கியதும் முதலில் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். கவிழ்க்க விடாத விற்பனையாளரிடமும், படச் சட்டகத்துக்குள் ஒட்டி வைத்த பொருளிலும் பணத்தைப் போடாதீர்கள்.

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பத்து மடங்கு பெருக்கும் லூப் கண்ணாடி, மில்லிமீட்டர் அளவுகோல், சிறிய காந்தம், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், முனை மழுங்கிய இடுக்கி. எல்லாம் ஒரு சட்டைப் பைக்குள் அடங்கும்.

தரைப்படைச் சிப்பாய்களின் மார்புக் கழுகையே எடுத்துக்கொள்வோம். 1934 பிப்ரவரியில் ஆணையிடப்பட்டு மே மாதம் முதல் சட்டையின் வலது மார்பில், பைக்கு மேலே தைக்கப்பட்டது அது. போர்க் காலத்தில் பெரும்பாலானவை ஜக்கார்ட் தறியில் நெய்யப்பட்டவை. சேகரிப்பாளர்கள் அவற்றை 'பேவோ' என்பார்கள். வூப்பர்டால் நகரத்து ஏவால்ட் ஃபோர்ஷ்டேஹர் நாடா ஆலையின் பெயர்ச் சுருக்கம் அது. கைத்தறி பார்த்த குடும்பத்தார்க்கு இது எளிதில் புரியும். நெய்த சின்னத்தில் கழுகு துணியின் மேல் உட்கார்ந்திருக்காது. பாவிலும் ஊடையிலுமே உருவாகியிருக்கும். முன்பக்கம் தட்டையாக, விரலால் தடவினால் மெல்லிய வரிகளாக உணரப்படும். பின்பக்கத்தில் அதே உருவம் நிறம் மாறி, ஊடை நூல்கள் குறுக்கே மிதந்தபடி தெரியும். நீண்ட நாடாவாக நெய்து ஒவ்வொன்றாக வெட்டியதால் வெட்டு ஓரம் பிரியும். அதனால் உள்ளே மடித்துத் தைப்பார்கள். மடிப்பைச் சற்றே விரித்தால், வெளிச்சம் படாத உள்பகுதி சற்று அடர்ந்த நிறத்தில் இருக்கும். சட்டையிலிருந்து பிரித்த சின்னமாக இருந்தால் ஓரத்தில் ஊசித் துளைகளும் அறுந்த நூல் துணுக்குகளும் இருக்கும்.

இன்றைய நகலில் பெரும்பாலும் கழுகு துணிமேல் மேடாக நிற்கும். கவிழ்த்தால் வெள்ளைப் பாபின் நூல் வரிசையும், அதற்கடியில் பஞ்சுக் காகிதம் போன்ற நெய்யாத தாங்குதுணியும் தெரியும். அந்தத் தாங்குதுணி நம் ஊர்த் தையல் கடையில் பள்ளிச் சின்னம் தைக்கப் பயன்படுத்தும் அதே வகைதான். ஆனால் 'தையல் வேலை என்றாலே போலி' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விமானப்படைச் சிப்பாய்களின் பறக்கும் கழுகு எந்திரத் தையலால் ஆனதுதான். அங்கே நூல் பருத்தியா, தையலின் அடர்த்தி சீராக உள்ளதா, பின்னால் என்ன தாங்குதுணி என்றுதான் பார்க்க வேண்டும்.

அதிகாரிகளின் சின்னம் சரிகை வேலை. இங்கே நமக்குப் பட்டுச்சேலையின் அனுபவம் கைகொடுக்கும். பாட்டியின் கூறைச் சேலையில் வெள்ளிச் சரிகை கறுத்துப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது. 1918-க்கு முந்திய கைசர் (ஜெர்மன் பேரரசர்) காலத்து அதிகாரிகளின் தோள்பட்டியில் இருந்ததும் வெள்ளிச் சரிகைதான். அது மடிப்புகளில் கறுப்பும் மேடுகளில் மங்கிய வெள்ளையுமாகப் பழமை அடையும். 1930-களின் நடுவில் அலுமினியச் சரிகை வந்தது. அலுமினியம் சாம்பல் பூத்து மங்கும். வெள்ளி போலக் கறுக்காது. அலுமினியச் சரிகை என்று விற்கும் கழுகு கரிபிடித்தாற்போல இருந்தால், அதில் பூட்ஸ் பாலிஷோ மையோ தடவியிருக்கிறார்கள் என்று பொருள். ஈரமான வெள்ளைப் பஞ்சு முனையைப் பின்பக்கத்தில் ஒற்றிப் பாருங்கள். பூசிய கறுப்பு பஞ்சில் ஏறும். கைசர் காலத்தது என்று சொல்லும் பொருளில் நூறு ஆண்டுக்கு மேல் ஈரக்காற்றிலும் கறுக்காத பளபளப்பு இருந்தாலும் சந்தேகம் கொள்ள வேண்டும்.

அடுத்தது நிறம். ஜெர்மன் தரைப்படையில் பிரிவுக்கு ஒரு நிறம் உண்டு. தோள்பட்டியின் பைப்பிங் (விளிம்பில் தைக்கும் நிறத் துணிநாடா) ஓரத்திலும் காலர் பட்டையிலும் அது வரும். காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப் படைக்குச் சிவப்பு, டாங்கிக்கும் டாங்கி எதிர்ப்புக்கும் இளஞ்சிவப்பு, தகவல் தொடர்புக்கு எலுமிச்சை மஞ்சள், குதிரைப் படைக்குப் பொன்மஞ்சள், பொறியாளர்க்குக் கறுப்பு, மலைப்படைக்கு இளம்பச்சை, மருத்துவத்துக்குக் கார்ன்ஃப்ளவர் பூவின் நீலம், படைப் போலீசுக்கு ஆரஞ்சு. அதே நிறம் விமானப்படையில் வேறு பொருள் தரும்: பொன்மஞ்சள் என்றால் விமானிகளும் பாராசூட் வீரர்களும், சிவப்பு என்றால் விமான எதிர்ப்புப் பீரங்கி. எந்தப் படை என்று துணியின் அடிநிறத்தைக் கொண்டு முடிவு செய்த பிறகே பைப்பிங்கின் பொருளைச் சொல்லலாம். தரைப்படையின் பச்சை கலந்த சாம்பலும் விமானப்படையின் நீலம் கலந்த சாம்பலும் கடைக்குள் எரியும் குழல் விளக்கில் ஒன்றாகத் தெரியும். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

டாங்கிப் பிரிவுக்குச் சந்தையில் மவுசு அதிகம். அதனால் காலாட்படையின் வெள்ளைப் பைப்பிங்கை இளஞ்சிவப்புச் சாயத்தில் தோய்த்து விற்பவர்கள் உண்டு. இந்த இடத்தில் லூப் கண்ணாடி வேண்டும். அசல் பைப்பிங் துணி, தைப்பதற்கு முன்பே சாயம் ஏறியது. பட்டியின் பொத்தானை நகர்த்தி அதன் அடியிலும், சட்டைத் தோளோடு சேரும் தையலுக்கு உள்ளேயும் பாருங்கள்; அங்கே நிறம் அடர்ந்து, வெளியே வெயில் பட்ட இடத்தில் வெளிறியிருக்கும். பின்னால் சாயமேற்றியதில் இது தலைகீழாகும்: வெளியே அடர்ந்து, சாயம் நுழையாத உள்மடிப்பில் வெளிறியிருக்கும். பைப்பிங்கை ஒட்டிய பச்சைத் துணியில் மெல்லிய செந்நிறம் கசிந்திருக்கும். கம்பளி குடித்த அளவு பருத்தித் தையல் நூல் சாயத்தைக் குடிக்காது; அதனால் தையல் புள்ளிகள் வேறு நிறத்தில் தனித்துத் தெரியும். எதிர்ப்பக்கமும் உண்டு: வெயிலில் வெளிறிய அசல் இளஞ்சிவப்பைக் காலாட்படை என்று எண்ணி மலிவாக விற்பவர்களும் இருக்கிறார்கள். பொத்தானுக்கு அடியில் பார்க்கத் தெரிந்தவருக்கு அது நல்ல நாள்.

தோள்பட்டியில் எண்ணும் எழுத்தும் இருந்தால் நிறத்தோடு சேர்த்துப் படியுங்கள். இளஞ்சிவப்போடு 'பி' (P) என்ற எழுத்து வந்தால் டாங்கி எதிர்ப்புப் பிரிவு. பொன்மஞ்சளோடு கோதிக் எனும் பழைய ஜெர்மன் எழுத்து வடிவில் 'ஏ' (A) வந்தால் உளவுப் பிரிவு. போருக்கு முன் சிப்பாய்களின் எண்கள் பிரிவின் நிறத்திலேயே சங்கிலித் தையலில் தைக்கப்பட்டன. போர் வந்ததும் எதிரிக்குத் தெரியாமல் இருக்க எண்களை எடுத்துவிட்டார்கள், அல்லது கழற்றும் துணிவளையத்தில் மாற்றினார்கள். ஆகவே 1943-ஆம் ஆண்டு வெட்டுள்ள சாம்பல் துணிப் பட்டியில் புத்தம் புதிய எண் தையல் இருந்தால் நின்று யோசியுங்கள்.

கைசர் காலத்துப் பட்டியில் சிவப்புச் சங்கிலித் தையல் எண் இருக்கும். வெறும் '77' என்றால் 77-ஆவது காலாட்படை ரெஜிமென்ட். அதே எண்ணுக்கு மேலே தீச்சுடர் விடும் குண்டு இருந்தால் 77-ஆவது களப் பீரங்கிப் படை. அக்காலத் தொப்பியில் இரண்டு வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். மேலே உள்ளது பேரரசுக்குரியது: வெளியிலிருந்து கறுப்பு, வெள்ளை, நடுவில் சிவப்பு. கீழே உள்ளது மாநிலத்துக்குரியது: பிரஷ்யாவுக்குக் கறுப்பு வெள்ளை கறுப்பு, பவேரியாவுக்கு வெள்ளை இளநீலம் வெள்ளை, சாக்சனிக்கு வெள்ளை பச்சை வெள்ளை, வூர்ட்டம்பெர்குக்குக் கறுப்பு சிவப்பு கறுப்பு, பாடனுக்கு மஞ்சள் சிவப்பு மஞ்சள். பவேரிய வட்டம் வைத்த தொப்பியோடு பிரஷ்ய ரெஜிமென்டின் பட்டியைச் சேர்த்து 'ஒரே வீரருடையது' என்று விற்றால், இரண்டையும் தனித்தனி விலைக்குத்தான் மதிக்க வேண்டும்.

நூல் சோதனைக்கு வருகிறேன். புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் சில சின்னங்கள் நீலவெள்ளையாக ஒளிரும். சலவைத்தூளிலும் புதிய நூலிலும் சேர்க்கும் வெண்மையூட்டிகள்தான் காரணம். அவை போருக்குப் பிறகே பரவலாயின. பலர் இதோடு தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அசல் சின்னத்தை யாராவது 1970-களில் சலவைத்தூள் போட்டுத் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். வெண்மையூட்டி இல்லாத நூலில் தைத்த நகல் ஒளிராது. ஒளிரும் இடத்தைக் கவனியுங்கள்: துணி முழுவதும் மேலோட்டமாக ஒளிர்ந்தால் துவைத்ததாக இருக்கலாம், தையல் நூல் மட்டும் கோடு கோடாக ஒளிர்ந்தால் அந்த நூலே புதியது. அப்போதும் புதிய நூலில் திரும்பத் தைத்த பழைய சின்னமாக இருக்க வாய்ப்புண்டு. இப்படி ஒன்றை இன்னொன்றோடு வைத்துத்தான் முடிவுக்கு வர முடியும்.

எரித்துப் பார்க்கும் சோதனை இன்னும் உறுதியானது. ஆனால் உரிமையாளர் சம்மதித்த பிறகே செய்ய வேண்டும். ஏற்கெனவே தளர்ந்து நிற்கும் நூலில் மூன்று மில்லிமீட்டர் போதும். பீங்கான் தட்டின்மேல் இடுக்கியால் பிடித்துச் சுடரருகே கொண்டுபோங்கள். கம்பளி முடி கருகும் வாடையுடன் சுருண்டு, சுடரை எடுத்ததும் அணையும். கரியை நசுக்கினால் பொடியாகும். பருத்தியும் ரேயானும் காகிதம் போலச் சட்டென்று எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாகும். அந்த மணி விரலில் நசுங்காது. பாலியெஸ்டர் நார் 1941-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டுப் போருக்குப் பின்னரே சந்தைக்கு வந்தது. ஜெர்மன் படைச் சின்னத்தின் மூல நூலில் அது இருக்க வழியே இல்லை. ரேயான் இருந்தால் பயப்பட வேண்டாம். அன்று ஜெர்மனியில் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். 'பளபளக்கிறது, எனவே புதிய நைலான்' என்று அசலை ஒதுக்கியவர்களும் உண்டு.

பழசாக்கும் தந்திரங்களில் தேயிலைச் சாயம் முதலிடம். அது மடிப்புக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே பழுப்பாக ஏறும். அசல் பழமை அப்படிச் சீராக இருக்காது. இன்னொன்று பூச்சி அரித்த ஓட்டை. இதை உற்றுப் பார்த்தால் மிகத் தெளிவான சாட்சி கிடைக்கும். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத்தான் தின்னும். பருத்தியையும் உலோகச் சரிகையையும் தின்னாது. உண்மையில் அரித்த பட்டியில் கம்பளி போன இடத்தில் பருத்தித் தையல் நூல் மட்டும் பாலம் போலக் குறுக்கே நிற்கும். ஓட்டையைச் சுற்றிக் கம்பளியின் மேல்மயிர் வழித்தடம் போல மேயப்பட்டிருக்கும். கத்தரியாலோ ஊதுபத்தி முனையாலோ செய்த ஓட்டையில் கம்பளியும் பருத்தியும் ஒரே வட்டமாக அறுபட்டிருக்கும். சுட்டதானால் ஓரம் கருகிக் கெட்டியாக இருக்கும். ராமபாணப் பூச்சியின் வேலை வேறு: அது பருத்தியையும் ரேயானையும் கஞ்சிப் பசையையும் மேலோட்டமாகச் சுரண்டும், கம்பளியைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

உலோகச் சின்னங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போரின் தொடக்கத்தில் செம்பு மிகுந்த டோம்பாக் கலவை, போகப் போகத் துத்தநாகம். இரண்டையும் காந்தம் இழுக்காது. பின்னாலுள்ள ஊசி எஃகாக இருந்தால் அதை மட்டும் இழுக்கும். இரும்புச் சிலுவை விருதில் பெரும்பாலானவற்றின் நடுத்தகடு இரும்பு, காந்தம் ஒட்டும். அச்சில் அடித்த சின்னத்தில் கோடுகள் கூர்மையாக இருக்கும். வார்ப்பில் எடுத்த நகலில் ஊசிமுனைக் குழிகளும் வழவழத்த விளிம்பும் தெரியும்.

இனி நம் பினாங்கோடு தொடர்புள்ள மூன்று வகைகள். இவற்றில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், காரணம் இவற்றில் நம் மனமும் ஒட்டியிருக்கிறது.

முதலாவது எம்டன். 1914 செப்டம்பர் 22-இல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு, அக்டோபர் 28-இல் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யாவின் ஜெம்சுக்கையும், வெளியேறும்போது பிரான்சின் மூஸ்கேயையும் மூழ்கடித்த ஜெர்மன் போர்க்கப்பல். கெட்டிக்காரனை 'எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். அந்தப் பெயர் பொறித்த மாலுமித் தொப்பி ரிப்பன் கண்ணில் பட்டால் கை தானாக நீளும். கைசர் கடற்படை ரிப்பனில் 'எஸ்.எம்.எஸ். எம்டன்' ('பேரரசரின் கப்பல் எம்டன்') என்று ரோமன் பெரிய எழுத்தில் இருக்கும். கோதிக் எழுத்தில் இருந்தால் அது பிற்காலத்துக் கப்பலைச் சேர்ந்தது. 1925-இல் மிதக்கவிட்ட போர்க்கப்பலுக்கும் எம்டன் என்றுதான் பெயர். ரோமன் எழுத்தில் இருந்தாலும் போதாது. பினாங்குக்கு வந்த கப்பல் 1914 நவம்பர் 9-இல் கொக்கோஸ் தீவில் அழிந்தபின், 1916-இல் இன்னோர் எம்டன் கட்டப்பட்டது. அதன் மாலுமிகளும் அதே எழுத்தைத்தான் அணிந்தார்கள். ரிப்பன் அசல் என்று நிரூபித்தாலும், எந்த எம்டன் என்று சொல்லப் பெயருள்ள கடிதமோ புகைப்படமோ உடன் வர வேண்டும்.

இரண்டாவது நீர்மூழ்கிகள். 1943-இன் நடுவிலிருந்து 1944-இன் இறுதிவாக்கு வரை ஜெர்மன் நீர்மூழ்கிகள் பினாங்கைத் தளமாகக் கொண்டிருந்தன. ஆகவே ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய வீட்டுப் பெட்டியிலிருந்து ஜெர்மன் கடற்படைச் சின்னம் வருவது நடக்கக் கூடியதே: கருநீலக் கம்பளியில் மஞ்சள் நூல், வெள்ளைக் கோடை உடைக்கு வெள்ளைத் துணியில் நீல நூல். ஆனால் 'யு-178' என்று நீர்மூழ்கியின் எண் பொறித்த போர்க்காலத் தொப்பி ரிப்பனை நம்பாதீர்கள். போர் தொடங்கியதும் கப்பல் பெயர்களை மறைத்து, எல்லா ரிப்பன்களிலும் கோதிக் எழுத்தில் 'க்ரீக்ஸ்மரீன' (போர்க் கடற்படை) என்று மட்டுமே போட்டார்கள். ஆப்பிரிக்கப் படையின் பழுப்புத் துணி நீலச்சாம்பல் கழுகைக் காட்டி, 'வெப்பநாட்டு உடை, இங்கேதான் அணிந்தார்கள்' என்று கதை சொல்வதும் உண்டு. அது வட ஆப்பிரிக்காவுக்குச் சென்ற தரைப்படையுடையது. நம் கரைக்கு வந்தவர்கள் கடற்படையினர். நீர்மூழ்கிப் பேட்ஜில், மேலே பேரரசின் மகுடம் இருந்தால் 1918-இல் ஏற்படுத்திய வகை. கழுகு இருந்தால் 1939 அக்டோபரில் ஏற்படுத்திய வகை.

மூன்றாவது நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. மேலே 'ஃப்ரைஸ் இண்டியன்' (சுதந்திர இந்தியா) என்ற எழுத்து, கீழே காவி வெள்ளை பச்சை, நடுவே பாயும் புலி: நேதாஜி ஜெர்மனியில் இருந்தபோது அங்கே அமைந்த இந்தியப் படைப்பிரிவினர் வலது மேற்கையில் தைத்த கேடயச் சின்னம். 'என் தாத்தா ஐ.என்.ஏ.வில் அணிந்தது' என்று இதை நம்மிடம் விற்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் நம் தாத்தாக்களும் பாட்டிகளும் சேர்ந்த இந்திய தேசிய ராணுவம் வேறு. ஜெர்மன் சீருடையில் ஐரோப்பாவில் இருந்த, காலாட்படை ரெஜிமென்ட் 950 என்று எண்ணிட்ட அந்தப் பிரிவு வேறு. மலாயாவில் சேர்ந்த எந்த வீரரும் அந்தக் கேடயத்தை அணியவில்லை. அந்தப் பிரிவில் இருந்தவர்களே சில ஆயிரம் பேர்தான். அதனால் புத்தம் புதிதாகக் கட்டுக் கட்டாக வரும் கேடயங்களில் ஒன்றைக்கூட, பின்பக்கத்து நெசவையும் நூலையும் சோதிக்காமல் ஏற்க முடியாது. தாத்தாவின் நினைவு வேண்டும் என்று தேடுபவர்கள் வீட்டிலுள்ள உறுப்பினர் அட்டையையும் பழைய படத்தையும் பாதுகாத்தால், அதுவே இந்தக் கேடயத்தைவிடப் பல மடங்கு பெறுமதியானது.

நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையின் காலர் பட்டைகளைப் புதிய சேகரிப்பாளர்கள் தொட வேண்டாம் என்றே சொல்வேன். மிக அதிகமாக நகலெடுக்கப்படுபவை அவைதான், அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள். அதைவிட முக்கியமானது, அந்தச் சின்னத்தின் கீழ் நடந்த கொலைகள். சயாம் மரண ரயில் பாதையில் மடிந்த தோட்டத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் நாம். போரை அலங்காரப் பொருளாகச் சுவரில் மாட்ட நம்மால் முடியாது. எந்தச் சின்னமானாலும் அது எந்தப் படை, என்ன செய்தது என்ற குறிப்போடுதான் வைக்க வேண்டும். ஜெர்மனிக்கு அஞ்சலில் அனுப்புபவர்கள் இன்னொன்றும் அறிய வேண்டும்: அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு கொக்கிச் சிலுவையைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கிறது, கல்வி, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

வாங்கிய அசலை நம் ஈரக்காற்று கெடுத்துவிடக் கூடாது. கேமரா வைக்கும் உலர் அலமாரியில் ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காட்டில் நிறுத்துங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டாம். அது வெளிவிடும் பொருள் செம்புக் கலவையில் பச்சைக் களிம்பை வரவழைக்கும். அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள். அந்துருண்டை வாடை துணியில் ஏறிவிடும். பிளாஸ்டிக், செல்லுலாய்டு பாகங்களையும் கெடுக்கும். அதற்குப் பதிலாகக் கம்பளிப் பட்டியைக் காற்று நீக்கிய பையில் இறுக மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். எடுத்தபின் ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் ஈரம் குளிர்ந்த துணியில் படியும். துவைப்பது, பிராஸோ போட்டுத் துலக்குவது இரண்டும் கூடாது. துலக்கிய பொருளில் பழமையின் சாட்சி போய்விடும்.

தங்கள் நாளிதழுக்கு இரண்டு வேண்டுகோள்கள். அந்தப் படத்தின் குறிப்பை 'கிழக்கு ஜெர்மன் தேசிய மக்கள் படை, டாங்கிப் பிரிவு ஹாப்ட்மன், 1956-க்குப் பின்' என்று திருத்தி வெளியிடுங்கள். இனிமேல் இத்தகைய பொருளின் படம் போடும்போது பின்பக்கத்தையும் ஓர் அளவுகோலோடு சேர்த்துப் போடுங்கள். வீட்டுப் பெட்டியில் இப்படி ஒன்றை வைத்திருக்கும் வாசகர், தம் கையிலிருப்பதைத் திருப்பி ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
படைச் சின்னச் சேகரிப்பாளர் ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.